துனிசியாவின் பூர்கீபாவை இறக்கியபோது மக்கள் ஏன் தெருவுக்கு வரவில்லை?

காட்பாடி_குரூப்1
வணக்கம். காட்பாடியில் நாலைந்து பேர் சேர்ந்து தேர்வுக்குப் படிக்கிறோம். ஆப்பிரிக்க விடுதலை என்றாலே எகிப்தின் நாசரைப் பற்றித்தான் பேச்சு, ஹபீப் பூர்கீபாவை யாரும் தொடுவதில்லை. 1956-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை, அதே ஆண்டு பிரதமர், 1957-ல் ஜனாதிபதி. அப்பேர்ப்பட்டவரை 1987 நவம்பர் 7 அன்று, அவரே நியமித்த பிரதமர் பென் அலி, டாக்டர்களிடம் கையெழுத்து வாங்கிப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார். நாடு எப்படி அமைதியாக இருந்தது?

வாணியம்பாடி_வாசகர்
தம்பி, முடிவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மார்ச் 20 விடுதலை, ஆகஸ்ட் 13-ல் குடும்பச் சட்டம், இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. பலதார மணத்துக்குத் தடை, வாயால் தலாக் சொன்னால் செல்லாது, விவாகரத்து கோர்ட்டில்தான், அதைக் கேட்கப் பெண்ணுக்கும் உரிமை. மார்க்கத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யவில்லை. மனைவியரிடையே நீதியாக நடக்க முடியாது என்று பயந்தால் ஒருத்தியோடு நில் என்ற குர்ஆன் வசனத்தையே எடுத்து வாதாடினார். என் சின்ன வயதில் எங்கள் பக்கம் தலாக் பஞ்சாயத்து நடந்தால், சம்பந்தப்பட்ட பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்காக அண்ணனோ மாமாவோ பேசுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 1956-லேயே ஒரு முஸ்லிம் நாடு இதைச் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சொத்துப் பங்கில் மட்டும் கை வைக்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ராணிப்பேட்டை_தோல்
பாய் சொல்வது அத்தனையும் சரி, ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கட்சிக்குள் எதிர்த்து நின்ற சாலா பென் யூசுப் 1961-ல் பிராங்க்பர்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. 1975-ல் ஆயுள் முழுக்க ஜனாதிபதி என்று சட்டமே போட்டுக்கொண்டார், அங்கேதான் தடம் புரண்டது. அப்புறம் 1984 ரொட்டிக் கலவரம். விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கியதும் தெற்கே பற்றிய நெருப்பு தலைநகர் தூனிஸ் வரை வந்து, ராணுவம் சுட்டு நிறையப் பேர் செத்த பிறகு, ஜனவரி 6 அன்று பெரியவர் டி.வி.யில் தோன்றி பழைய விலையே இருக்கட்டும் என்றார். மக்கள் கொண்டாடினார்கள்தான், ஆனால் போன உயிர்கள் திரும்பவா போகின்றன? 1987-ல் அவருக்கு வயது 84. உடல்நலம் மோசம், பிரதமர்களை மாற்றிக்கொண்டே இருந்தார், பென் அலி அந்த நாற்காலிக்கு வந்தே ஒரு மாதம்தான். ஆயுள் ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று அவர் முதல் நாளே அறிவித்ததும் மக்களுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகு யார் தெருவுக்கு வருவார்கள்?

வாணியம்பாடி_வாசகர்
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அந்தக் குடும்பச் சட்டத்தை பென் அலியாலும் அசைக்க முடியவில்லை. ஆகஸ்ட் 13 இன்றும் அங்கே பெண்கள் தினம்.

காட்பாடி_குரூப்1
இருவருக்கும் நன்றி. விடுதலைக்குப் பிறகும் பிரான்ஸ் துனிசியாவில் வைத்திருந்த பிசெர்ட் கடற்படைத் தளத்துக்காக 1961-ல் நடந்த சண்டையில் பிரான்சோடு நேரடியாக மோதி அத்தனை பேரைப் பலிகொடுத்தாரே, அது அவசரமா, அவசியமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.