கம்பத்தில் ஒயினரி கட்டினால் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லா?

அடையாறு_வரைவாளர்:
கம்பம் பள்ளத்தாக்கில் ஒயினரி, அதாவது ஒயின் தயாரிக்கும் ஆலை, கட்டுவதென்றால் செட்டிநாட்டு முற்றம், சுண்ணாம்புச் சுவர், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். அதுதான் மண்ணோடு ஒட்டிய கட்டடம்.

கம்பத்துப்_பையன்:
படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எந்த மண், சார்? ஆத்தங்குடி காரைக்குடிப் பக்கம், நாங்கள் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். அப்புறம் அது சூளையில் சுட்ட கல் இல்லை, கண்ணாடி மேல் நிறச் சாந்து ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஒயினின் பிஎச் அளவு 3க்கும் 4க்கும் நடுவில், அதாவது அமிலம். சிந்திய இடமெல்லாம் அரிக்கும்.

அடையாறு_வரைவாளர்:
நொதிக்க வைக்கும் அறைக்கா சொன்னேன்? விருந்தாளிகள் ருசி பார்க்கும் கூடத்துக்கு, தம்பி.

கம்பத்துப்_பையன்:
"தரை முழுக்க" என்று எழுதியது நீங்கள். ருசி பார்க்கும் இடத்தில்தான் கிளாஸ் கவிழும். அரிக்கும்.

அண்ணாநகர்_வாசி:
கலிஃபோர்னியாவின் நாபாவில் டொமினஸ் ஒயினரிக்குக் கம்பிக் கூண்டில் பசால்ட் என்ற எரிமலைக் கல்லை அடுக்கியே சுவர் எழுப்பினார்கள், சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சோக், டி மூரான் வடிவமைப்பு. வெயிலையும் தடுக்கும், காற்றும் வரும். நமக்கும் ஆகாதா?

கம்பத்துப்_பையன்:
கல் சரி, எங்கள் திராட்சைப் பந்தலே கல்தூண் மேல்தான் நிற்கிறது. ஆனால் நாபாவில் ராத்திரி நன்றாகக் குளிரும், அறுவடையும் ஒரு பருவத்தோடு முடியும். கம்பத்தில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்க வரும், கோடையிலும் தொட்டியைக் குளிர வைத்தாக வேண்டும். பீப்பாய் அறையைச் சரிவில் பாதி புதைக்கட்டும், கூரை பந்தலை மறைக்காமல் தாழ இருக்கட்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு தரைக்குப் பூப்போட்ட கல்!

அடையாறு_வரைவாளர்:
பன்னீர் திராட்சையே மஸ்கட் ஹாம்பர்க், ஐரோப்பாவிலிருந்து வந்த ரகம். திராட்சை வரலாம், பக்கத்து மாவட்டத்துக் கல் வரக்கூடாதா?

கம்பத்துப்_பையன்:
பக்கத்து மாவட்டமா? நடுவில் மதுரை இருக்கிறது, சார், வரைபடம் பாருங்கள். பன்னீர் திராட்சை 2023இல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே புவிசார் குறியீடு வாங்கியது. உங்கள் கல் அமிலம் தாங்குமா, அதைச் சொல்லுங்கள்.

போடி_அக்கா:
கல்லை விடுங்கள். மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவில் உட்காருகிற நாட்டில், ஒயினரி வேண்டுமா என்று ஊரில் யாராவது கேட்டீர்களா? கலாச்சாரம் கூரையில் மட்டுமா இருக்கிறது?

கம்பத்துப்_பையன்:
அக்கா, விலை இறங்கினால் பழத்தைக் கேட்பாரில்லை. ஒயினரி வந்தால் வாங்க ஒரு ஆளாவது இருக்கும்.

போடி_அக்கா:
விவசாயி பெயரைச் சொல்லியே எல்லாக் கடையும் திறக்கிறீர்கள்.

அடையாறு_வரைவாளர்:
முன்பு நடந்த ஈசிஆர் வீட்டு விவாதத்திலும் இந்தத் தம்பி இப்படித்தான் ஒரே கல்லைப் பிடித்துத் தொங்கினார். கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூசினால் தீர்ந்தது.

கம்பத்துப்_பையன்:
அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. சீலர் தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும், அந்தக் கூலியை யார் தருவார்கள், நீங்களா?