எந்தச் சேவலோடு சேர்த்தாலும் 13ஆம் நாளில் கரு சாகிறது: தாயின் மரபணுவா?

கேள்வி
வெள்ளை லெகார்ன் கோழிகள். ஒரே ஒரு பெட்டையின் முட்டைகள் மட்டும் அடையில் 12 முதல் 14 நாளுக்குள் மொத்தமும் செத்துவிடுகின்றன. மூன்று சேவல்களை மாற்றியும் அதே கதி. அதே தீவனம், அதே இன்குபேட்டரில் மற்ற முட்டைகள் ஒழுங்காகப் பொரிக்கின்றன. ஒடுங்கு மரபணு (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதியும் பழுதானால்தான் குறை காட்டுவது) என்றால் கால்வாசிதானே சாகவேண்டும்?

பதில் 1
கால்வாசிக் கணக்கு கருவின் மரபணுவுக்குத்தான். மொத்தமும் செத்தால் பெட்டையின் மரபணுவைப் பாருங்கள். அறிகுறிகள் ரைபோஃப்ளேவினூரியாவோடு ஒத்துப்போகின்றன. 1950களில் லெகார்னிலேயே கண்டறியப்பட்ட குறை அது. ரைபோஃப்ளேவினை (வைட்டமின் பி2) முட்டைக்குள் சுமந்துபோகும் புரதம் இந்தப் பெட்டைக்கு உருவாகாது. மஞ்சள் கருவுக்கானது ஈரலிலும் வெள்ளைக்கருவுக்கானது முட்டைக்குழாயிலும் உருவாகும். இரண்டுக்கும் மரபணு ஒன்றே. தீவனத்தில் பி2 கூட்டினாலும் சிறுநீரில்தான் போகும்.

புது முட்டையை வெள்ளைத் தட்டில் உடைத்து, வேறு பெட்டையின் முட்டையோடு ஒப்பிடுங்கள். நல்ல வெள்ளைக்கருவில் இளம் பச்சை கலந்த மஞ்சள் சாயல் இருக்கும். இதில் துளியும் இராது.

பதில் 2
உறுதிசெய்ய இன்னொரு வழி: அடை வைக்குமுன் ஓட்டில் சிறு துளையிட்டு, கிருமி நீக்கிய ரைபோஃப்ளேவின் கரைசலை வெள்ளைக்கருவில் செலுத்தி மெழுகால் அடையுங்கள். வெளிச்சம் பட்டால் கரைசல் கெடும், இருட்டில் வையுங்கள். குஞ்சு பொரித்தால் சந்தேகம் தீர்ந்தது.

கவனிக்கவேண்டியது சேவல்கள். இந்த மரபணுவின் இரு பிரதியும் பழுதான சேவலிடம் ஒரு குறையும் தெரியாது, அதன் குஞ்சுகளும் பொரிக்கும். ஒரு பிரதி மட்டும் பழுதான பெட்டை, ஏறக்குறைய பாதி ரைபோஃப்ளேவினை முட்டையில் வைத்துவிடும்; அது போதும். இப்படிப்பட்ட சேவலும் பெட்டையும் சேர்ந்து பெறும் மகள்களில் இரு பிரதியும் பழுதானவை முட்டையிடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே அந்தப் பெட்டையின் உடன்பிறந்த சேவல்களை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

பதில் 3
ஒன்றைச் சேர்க்கிறேன்: முதல் மூன்று நாளில் சாகும் கருவை இதோடு குழப்பவேண்டாம். முட்டை வெளிவரும்போதே கருவில் 40,000 முதல் 60,000 செல்கள் இருக்கும். தொடக்கப் பிரிவுகள் தாய் முட்டையில் சேர்த்துவைத்த ஆர்என்ஏவை (மரபணுச் செய்தியின் நகலை) நம்பி நடப்பவை. அங்கே பழுது நேர்ந்தால் முட்டை கூமுட்டை போலவே தெரியும், பழி சேவல்மேல் விழும். உடைத்த முட்டையின் மஞ்சள் கருமேல் சின்ன, அடர்ந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால், அதன் மேலுள்ள மஞ்சள்கருச் சவ்வை நுண்ணோக்கியில் பாருங்கள். விந்தணு துளைத்த ஓட்டைகள் பல இருந்தால் சேவலில் குறையில்லை.