இரண்டு விரல் தண்ணீர்

சேற்றுக்கால்:
கோடியக்கரையில் உள்ளான் என்ற சின்னக் கரையோரப் பறவையைப் பார்த்தவர்கள், பிடித்தவர்கள், விரட்டியவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். முதலில் என் கதை.

கல்லூரி நாட்களில், அங்கே பறவைகளுக்கு வளையம் போடும் குழுவோடு இரண்டு வாரம் எடுபிடியாக இருந்தேன். இரவில் சதுப்பில் வலை கட்டிவிட்டு, டார்ச்சோடு போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். என் செருப்பு ஒன்று இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. ஒரு கொசு உள்ளானைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டார்கள். பையைக் கழித்தால் 22 கிராம். வடதுருவப் பக்கத்திலிருந்து பறந்து வந்த உயிர்! அதன் காலின் நீளத்தை அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். பக்கத்து உப்பளப் பாத்தியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, ஒரு பறவை இல்லை. அப்போதுதான் உறைத்தது. இதற்கு வேண்டியது இரண்டு விரல் தண்ணீரும் அடியில் புழுவும். ஏரி நிறைந்தால் எல்லாப் பறவைக்கும் கொண்டாட்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அளக்காரர் மகன்:
எங்களுக்குச் சோறு போட்டது உப்பளம்தான். அளமே கூடாது என்று யாராவது எழுதினால் சண்டைக்கு வருவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிறையும். தை, மாசியில் வற்ற வற்றச் சேறு தெரியும். அந்த ஓரம் நகர நகர உள்ளானும் கூடவே நகரும். மோட்டார் வைத்துக் கடல்நீர் ஏற்றி மட்டத்தை நிறுத்திவிட்டால் ஓரம் எங்கே நகரும்? உப்பு முறுகிய பாத்தியில் புழுவும் இருக்காது. மேலே இருந்து வரும் ஆற்றுத் தண்ணீரும் குறைந்துவிட்டது.

இன்னொன்று, மறைக்கவில்லை: சின்ன வயதில் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றிருக்கிறோம். ஒன்றின் காலில் வளையம் இருந்தது. அப்பா அதைத் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார்.

மன்னார்வாசி:
இலங்கையில், எங்கட மன்னாரில், வங்காலைப் பக்கம் பஸ்சில் இருந்தபடியே பூநாரை பார்க்கலாம். எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள், பத்து வருசம் நானும் அப்படித்தான். அதன் காலடியில் ஓடித் திரியும் சின்னதுகளை ஆர் பார்த்தது? கால் கதையை வாசித்த பிறகுதான் விளங்குது. பூநாரை ஆழத்தில் நிற்கும், சின்னதுகள் கரையை விட்டு உள்ளே போகாது. மண் போட்டு நிரப்புகிறவர்களும் கரையில்தானே தொடங்குகிறார்கள்.

சேற்றுக்கால்:
சரிதான். கோடியக்கரை 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், 38,500 ஹெக்டேர். அந்தக் கணக்கில் ஆழமும் ஓரமும் ஒன்றுதான். எங்கள் வலையில் சலிக்கச் சலிக்க விழுந்தது வளைமூக்கு உள்ளான். அதை 2024-ல் அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். படித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

அளக்காரர் மகனுக்கு: அந்த வளையத்தில் எண் இருக்குமே, பார்த்துச் சொல்லுங்களேன். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால், எங்கே எப்போது போட்டது என்று தெரியலாம். தின்றதற்கெல்லாம் கேஸ் போட மாட்டார்கள்.

அளக்காரர் மகன்:
பெட்டியைத் திறந்தேன். இருக்கிறது. 'பாம்பே' வரை படிக்க முடிகிறது, எண்ணில் கடைசி இரண்டு தேய்ந்துவிட்டது. காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறாள் மகள். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.