பாட்டு வந்ததும் ஃபோனை எடுத்தேன், கதையே போச்சு

(முடிவு வரைக்கும் சொல்லியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் படமாக இருந்தாலும் பாட்டு ஆரம்பித்தால் கை தானாக ஃபோனுக்குப் போய்விடும். 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரை ஒட்டி வந்த 'ஒன் பீஸ் ஃபிலிம் ரெட்' படத்துக்கு அக்கா பையன் என்னை இழுத்துக்கொண்டு போனபோதும் அதையேதான் செய்தேன். அந்தத் தொடரில் அப்போதே 1000 எபிசோடுக்கு மேல் வந்திருந்தது, நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ரப்பர் மாதிரி நீளும் பையன் ஒருத்தன் வைக்கோல் தொப்பியோடு கடல்கொள்ளையர்களின் ராஜா ஆகப்போகிறேன் என்று அலைகிறான், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

படம் ஒரு கச்சேரியில் ஆரம்பிக்கிறது. உட்டா என்று ஒரு பாடகி, அதுவரை ஒளிபரப்பில் மட்டும் பாடிக்கொண்டிருந்தவள், முதல்முறையாக ஆட்கள் முன்னால் மேடை ஏறுகிறாள். முதல் பாட்டு அதிரடி, நானும் தலையாட்டினேன். அடுத்த பாட்டில் பழக்கதோஷம், குனிந்துவிட்டேன். "சித்தி, ஃபோனை உள்ளே வைங்க" என்று பையன் முழங்கையால் இடித்தான். வைத்தேன், அப்புறம் மறுபடி எடுத்தேன். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால் அதே கூட்டம் ஓரிடத்தில் கிடந்து தூங்குகிறது, இன்னோரிடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெளியே வந்து அவன் எரிச்சலோடு விளக்கியது இது. உட்டா ஒரு பிசாசுப் பழம் (தின்றவருக்கு விசித்திர சக்தி தரும் பழம்) தின்றவள், அவள் பாட்டைக் கேட்கிறவர்கள் உடம்பு தூங்கிவிடும், மனசு மட்டும் அவள் படைத்த உலகத்துக்குள் போய்விடும். அவள் தூங்கினால் அந்த உலகம் கலைந்துவிடும். ஆனால் அவள் செத்துப்போனால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான். அதற்காகவே தூக்கம் வராமல் செய்கிற, கடைசியில் ஆளையே கொல்கிற காளானைத் தின்றுகொண்டு பாடுகிறாள். அதாவது ஒவ்வொரு பாட்டும் வலை வீசுவது மாதிரி, நான் சரியாக அந்த இடங்களில்தான் குனிந்திருக்கிறேன்!

வெட்கமாகிவிட்டது. வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாக இரண்டாவது தடவை பார்த்தேன். இந்த முறை பாட்டின் சப்டைட்டிலை ஒரு வரி விடாமல் படித்தேன். அப்போதுதான் அவள் தலைமுடியைக் கவனித்தேன், இரண்டு பக்கமும் வளையம் மாதிரி கட்டியிருப்பாள், சந்தோஷமாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும், மனசு உடைந்தால் நாய்க்குட்டியின் காது மாதிரி தொங்கிவிடும். பேசுகிற குரல் கவோரி நஸூகா, பாடுகிற குரல் அடோ. முகத்தையே காட்டாமல் பாடுகிற அந்தப் பொண்ணுக்குப் படம் வந்த 2022 ஆகஸ்டில் வயது 19. எங்கே ஒரு குரல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பிடிக்க ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், சில இடங்களில் பிடிபடவே இல்லை.

சண்டையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. உட்டா பாடி எழுப்புகிற 'டோட் மியூசிக்கா' என்ற அரக்கனை இரண்டு உலகத்திலும் ஒரே நேரத்தில் அடித்தால்தான் விழும். உட்டாவின் உலகத்தில் தொப்பிப் பையனின் கூட்டாளி உசோப், வெளியே அவன் அப்பா யாசோப்; பிள்ளையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போன அப்பா, இருவரும் ஒருவர் கண்ணால் இன்னொருவர் பார்த்து அடியைச் சேர்க்கிறார்கள். உட்டாவுக்கும், சின்ன வயதில் அவளை விட்டுவிட்டுப் போன கடல்கொள்ளையன் அப்பா ஷாங்க்ஸ்தான் பிரச்சினை என்பதால் அந்த இடம் இரண்டு மடங்கு வலிக்கிறது. மற்றபடி கடைசி அரைமணி நேரம் கூட்டம் ஜாஸ்தி, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எலும்புக்கூடு ப்ரூக் தொப்பிப் பையனின் கப்பலில் இசைக்கலைஞனாம், இசையே கதையான படத்தில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாம்.

மாற்று மருந்தை ஷாங்க்ஸ் நீட்டியும் குடிக்காமல், எல்லாரையும் திருப்பி அனுப்பக் கடைசியாக ஒரு பாட்டு பாடுகிறாளே, அப்போது ஃபோன் அடித்தது. அக்கா. எடுக்கவில்லை.

பையனிடம் உட்டா தொடரில் எப்போது வருவாள் என்று கேட்டேன். "1029-லயும் 1030-லயும், சித்தி." எனக்கு இப்போது 31-வது எபிசோடு ஓடிக்கொண்டிருக்கிறது.