தீசிஸ் (ஆய்வேடு) எங்கே மாட்டிக்கொண்டது? சேலத்து பிஜிக்கள் (மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள்) சொல்லுங்கள்

மெடிசின், மூன்றாம் வருடம்:
நேரமில்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். மூன்று வருடத்தில் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு மூன்று மாதம் போகும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் கொடுத்தாக வேண்டும். சரி, அது தெரிந்ததுதான். என்னை மடக்கியது வேறு.

என் தலைப்பு கண்ணாடி விரியன் கடி. 2 மில்லி ரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, விஷத்தால் உறையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். கேஷுவால்டி நெரிசலில் யாராவது நடுவிலேயே எடுத்து ஆட்டிவிடுவார்கள். கேஸ் ஷீட்டிலோ கடித்த நேரம் ‘இரவு’ என்று மட்டும் இருக்கும். அதை எக்செல்லில் எப்படி ஏற்றுவது?

அப்புறம் ஒப்புதல் படிவம். கையெழுத்து என்றதும் “ஆபரேசனுங்களா சார்?” என்று முகம் வெளிறிவிடும். கைநாட்டு என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி வேண்டும். ராத்திரி 2 மணிக்கு யாரைப் பிடிப்பது? பக்கத்துக் கட்டில்காரரின் மாமாவைக் கூப்பிட்டேன். மனிதர் கடைசி வரி வரை நிதானமாகப் படித்துவிட்டு, “இதுல ஊசி விலை போடலீங்களே?” என்றார்.

ஓ.ஜி. (மகப்பேறு) சீனியர், ஏற்காடு:
உங்கள் கேஸ் வார்டுக்குள்ளேயே முடிகிறது, கொடுத்து வைத்தவர் தம்பி! எனக்குக் கர்ப்பகால ரத்தசோகை. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பார்க்க வேண்டும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவாரா? கொடுத்த போன் எண் வீட்டுக்காரருடையது, சிக்னலும் இருக்காது. கடைசியில் கைகொடுத்தவர் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம் என்பது அவருக்கு மனப்பாடம். வழக்கமான பரிசோதனை நாளிலேயே என் மறுபரிசோதனையையும் சேர்த்துக்கொண்டோம். அந்தத் திருத்தத்துக்கு எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வாங்கியது தனிக்கதை.

மெடிசின், மூன்றாம் வருடம்:
அக்கா, ஹீமோகுளோபின் பார்க்க மலையில் ஒரு மெஷின், கீழே ஒரு மெஷின் என்றால் புள்ளியியல் சார் விடமாட்டாரே?

ஓ.ஜி. சீனியர், ஏற்காடு:
அதனால்தான் ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ குழாயில் எடுத்து அன்றைக்கே கீழே அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே லேபில் பார்த்தோம். பஸ் தவறினால் என் ஸ்கூட்டர்.