வில்லுக்கத்தியின் கொம்புப் பிடி கிளம்புது: திருத்துவதா, மரம் போடுவதா?

மாங்குளத்தான்:
வணக்கம் அண்ணைமார். வில்லுக்கத்தி (மடக்குக் கத்தி) ஒன்று, இரண்டு பக்கமும் எருமைக் கொம்புப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு, 2 மி.மீ பித்தளை ஆணி. மாரி முழுக்க ஒரு பிழையும் தெரியேல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கின பிறகு ஒரு பிடியின் பின்முனை நகம் நுழையுமளவுக்குக் கிளம்பி நிற்குது. ஆணித்துளையிலிருந்து மயிரிழை வெடிப்பும் ஓடுது. ஆணியைத் தட்டி இறுக்கினால் போதுமா? அல்லது முதிரை, பாலை மரம் ஏதும் போடுவதா? மான் கொம்பு தரலாமென்றும் ஒருவர் சொல்லுறார். இதுவரை பூசினது தேங்காய் எண்ணெய்தான்.

கம்மாலை:
தட்டவேண்டாம் தம்பி. கொம்பும் எங்கட நகமும் ஒரே சாதிப் பொருள். மாரியில் ஈரம் குடிக்கும், சோளகத்தில் விடும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, தகட்டோடு ஒட்டின பக்கம் பின்தங்கும், அதனால் முனை வெளியே வளையும். ஆணி அசையவிடாதபடியால் வெடிப்பு துளையில்தான் தொடங்கும். அந்த ஆணியைத் தட்டினால் அது துளைக்குள் பருத்து, வெடிப்பை இன்னும் நீட்டும்.

முதலில் இடைவெளிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கோ. பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் உள்ளே நிற்குது என்று அர்த்தம். இரும்புத் தகடுள்ள கத்திகளில் இன்னும் மோசம்: துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூட இடம் பிடித்துப் பிடியையே தள்ளிவிடும்.

ஆணித்தலையை அரத்தால் மட்டமாக்கி, ஆணியைத் தள்ளி எடுத்துப் பிடியைக் கழற்றுங்கோ. கொதிதண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் போட்டால் கொம்பு இளகும். சூட்டோடு இரண்டு மட்டப் பலகைக்கு நடுவில் இறுக்கி, நன்றாக ஆறினபிறகும் விடாமல், நிழலில் இரண்டு கிழமை அப்படியே வையுங்கோ. ஈரக்கொம்பை அவசரப்பட்டு ஒட்டினால் இதே கதைதான் திரும்ப வரும். காய்ந்த பிறகு வெடிப்பில் தண்ணியான சுப்பர் குளூவைப் பின்பக்கத்தால் துளித்துளியாய் விட்டால் தானே இழுத்துக்கொள்ளும். துளையை 2.1 மி.மீ ஆக்கி, தகட்டை 120 அரத்தாளால் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெதுவாய் இறுகும் அரல்டைற் (இரண்டைக் கலந்து போடும் ஒட்டுப்பசை) போட்டு ஒரு நாள் விடுங்கோ. ஆணி 1 மி.மீ மட்டும் வெளியே நிற்கட்டும். சிறு சுத்தியலால் சுற்றிச்சுற்றி மெல்லத் தட்டினால் தலை விரியும்.

உளிக்கை:
கம்மாலை அண்ணை சொன்னது சரி. ஆனால் வெடிப்பு ஓரம்வரை ஓடியிருந்தால் மரத்துக்கு மாறுவதுதான் நல்லது. பாலை இரும்பு மாதிரி, ஆனால் காயும்போது பிளக்கும் குணம் அதுக்கு உண்டு. புதுசாய் அரிந்த பாலையைத் தொடவேண்டாம். பழைய கதவு நிலை, கட்டில் கால் உடைந்த துண்டு கிடைத்தால் அதுதான் தங்கம். எந்த மரமானாலும் வைரத்தில் (உள்மரத்தில்) மட்டும் எடுங்கோ. வெளிறு (பட்டையை ஒட்டின வெளிமரம்) கலந்தால் உளுத்துப்போகும்.

5 மி.மீ பலகையாய்ச் சீவி, இரு நுனிக்கும் மெழுகு பூசி, வீட்டுக்குள் வைத்துக் கிழமைக்கொருக்கால் சமையல் தராசில் நிறுங்கோ. அடுத்தடுத்து இரண்டு கிழமை நிறை மாறாவிட்டால் காய்ந்தது. என் தெரிவு முதிரை. அரத்தாள் போடப்போட மஞ்சளுக்குள் பட்டு மாதிரி ஒரு மினுக்கம் எழும், அதைப் பார்க்கவே வேணும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும், மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியில் நின்று தேயுங்கோ.

வெண்மருது:
மான் கொம்பு வேண்டவே வேண்டாம். புள்ளிமானும் மரையும் இலங்கையின் 1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விலங்குகள். காட்டில் கிடந்து பொறுக்கினது என்ற கதை உங்களைக் காப்பாற்றாது.

தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது. தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும், நாளாகக் காறல் மணக்கும். மரத்துக்கு லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாய்ப் பூசி, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மூன்று போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீங்கோ, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கோ. கொம்புக்குத் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தாலே காணும். கத்தியை மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடாதீங்கோ. கொம்பை வண்டின் புழுவும் தின்னும், அலுமாரியில் மாதக்கணக்காய் மறந்து வைக்கவும் கூடாது.

மாங்குளத்தான்:
டோர்ச் அடித்தேன், பச்சைதான். பழப்புளி போட்டுத் தேய்க்கலாமோ?

கம்மாலை:
தேய்க்கலாம், பிடியைக் கழற்றினபிறகு. வில்லிலும் (ஸ்பிரிங்) அலகிலும் படவிடாதீங்கோ, உருக்கு கறுத்துப்போகும். நல்ல தண்ணீரில் இரண்டுதரம் அலசி, துணியால் ஒற்றி, ஆணித்துளைக்குள்ளும் துடைத்து, வெயிலில் அரை மணித்தியாலம் வையுங்கோ. புளி மிஞ்சினால் அரல்டைறுக்குக் கீழே களிம்பு திரும்பத் தொடங்கும்.