கம்ப்ரஷனுக்குத் தமிழ்: ‘சுருக்கம்’ போதாது, ‘பரம்பு’ என்று சொல்லிப் பார்ப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நம் ஒலிப்பதிவுச் சொற்பட்டியலில் ‘கம்ப்ரஷன்’, அதாவது உரத்த ஒலியை அமர்த்தி உரப்பு வேறுபாட்டைக் குறைக்கிற வேலை, என்பதற்கு நேரே ‘சுருக்கம்’ என்று இட்டு முடித்துவிட்டோம். அன்றைக்கு நானும் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

1996 செப்டம்பரில் படிக்க மான்செஸ்டர் போனேன். ஒயேசிஸ் அந்த ஊர் ராக் இசைக்குழு. அதன் நோயல், லியம் கேலகர் சகோதரர்கள் வளர்ந்த பர்னேஜ் பகுதி எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகிற தூரம்தான். முந்தின ஆண்டு அக்டோபரில் வந்த அவர்களுடைய ‘மார்னிங் குளோரி’ தட்டு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். நான் போவதற்கு முந்தின மாதம் நெப்வொர்த் திடலில் அவர்கள் கச்சேரிக்கு இரண்டே இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் கூடியிருந்தார்கள். சீட்டு கேட்டவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். போய் வந்த இருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், வேறு பேச்சே கிடையாது.

எனக்கு அந்தத் தட்டு பிடிக்கவில்லை. போட்ட பத்து நிமிடத்தில் தலை கனக்கும், எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது, ராக் ஏறாது என்று நண்பர்களே காரணமும் சொல்லிவிட்டார்கள். அது சரியில்லை. லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் தட்டுகளை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவனே நான். ஆனாலும் ஊரே கொண்டாடுகிற ஒன்று தனக்கு மட்டும் ஒட்டவில்லை என்றால், குறை தன்னிடம்தான் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பையன் ஒருவன் சாதாரண மரக் கிதாரை எடுத்துவைத்து ‘டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ பாடினான். சரணத்தில் குரலை நன்றாகத் தாழ்த்தினான், விரல் தந்தியில் உரசுவது கேட்டது. பல்லவிக்கு முந்தின வரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பல்லவியில் கையை வீசி அடித்தான். எனக்குப் புல்லரித்தது. இது எந்தப் பாட்டு என்று கேட்டேன். நீ எழுந்து ஓடுகிற தட்டில் நான்காவது பாட்டு என்றான். அன்று மாலையே தட்டைப் போட்டுக் கேட்டேன். மெட்டு அதேதான். அந்த ஏற்றத்தைத்தான் காணோம். சரணம் நின்ற உயரத்திலேயே பல்லவியும் நின்றது.

விளக்கம் சில ஆண்டுகள் கழித்து, வானொலி ஒலித்தொகுப்பு வேலையில் கிடைத்தது. அந்தப் பாட்டின் அலைவடிவத்தைத் திரையில் திறந்தேன். பழைய பதிவுகள் பனந்தோப்பைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் உயரமும் தாழ்வுமாகத் தெரியும். இது இழைத்து வைத்த பலகைபோல் இருந்தது. தயாரிப்பாளர் ஓவன் மோரிஸ் வேண்டுமென்றே ஒலியைக் கூரையில் முட்டும்வரை ஏற்றியிருக்கிறார் என்பது அப்புறம் படித்துத் தெரிந்தது. அதுவரை வந்தவற்றிலேயே மிக உரத்த தட்டுகளில் ஒன்று அது. 16 பிட் குறுந்தகட்டில், கணக்குப்படி, மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் நடுவே 96 டெசிபெல் வரை இடம் உண்டு. மேலே 0 டெசிபெல்தான் கூரை, அதற்குமேல் எழுத எண் கிடையாது. ஆகவே தட்டு முழுவதும் உரக்கக் கேட்க வேண்டுமானால் ஒரே வழி, உயர்ந்ததை அமர்த்தி, மீந்த இடத்துக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குவது. அந்த அமர்த்துகிற வேலைதான் கம்ப்ரஷன். கருவியில் அமர்த்தும் விகிதத்தை 4க்கு 1 என்று வைத்தால், நாம் குறித்த மட்டத்தை 8 டெசிபெல் தாண்டி வருகிற முரசடி 2 டெசிபெல் மட்டுமே தாண்டி வெளியேறும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கதையை நம் குழுவில் எழுதியதும் வந்த முதல் மறுமொழி இது:

> எம்பி3 சுருக்கத்தால் ஒலி கெடுவது உண்மைதான். நல்ல தரக் கோப்பில் கேட்டுப் பாருங்கள்.

எழுதிய தம்பிமேல் தவறே இல்லை. தவறு நாம் கொடுத்த சொல்லில். எம்பி3 செய்வது வேறு. காதுக்கு எட்டாது என்று கணக்கிட்டதைக் கழித்துக் கோப்பின் அளவைக் குறைக்கிறது. மெல்லிசை மெல்லியதாகவும் வல்லிசை வலியதாகவும் அப்படியே இருக்கும். நான் சொல்வதில் கோப்பு ஒரு பைட்டும் குறைவதில்லை, உரப்பின் வேறுபாடுதான் குறைகிறது. எவ்வளவு உயர்தரக் கோப்பில் கேட்டாலும் பலகை பலகைதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் இருப்பது அவர்கள் பாடு. அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம்.

> ஒலியமுக்கம் எனலாமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அக்கா உடனே கை தூக்குவார். ஈழத்துப் பாடநூல்களில் அமுக்கம் என்பது தமிழ்நாட்டு ‘அழுத்தம்’. வளிமண்டல அமுக்கம் என்று படித்தவர்களுக்கு ஒலியமுக்கம் என்றால் டெசிபெல்லில் அளக்கிற அந்த இயற்பியல் அளவுதான். அதே துறையில் அதே சொல் இரண்டு பொருளில் வந்தால் தாங்காது.

> ‘இயங்கு வீச்சுச் சுருக்கம்’ முன்பே எங்கோ பார்த்த நினைவு.

‘டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன்’ என்பதன் நேர் பெயர்ப்பு அது. இதில் எது இயங்குகிறது? வீச்சு என்பதைப் பள்ளி இயற்பியல் அலையின் உயரத்துக்கு எடுத்துக்கொண்டது. மூன்று சொல்லையும் சேர்த்து ஒலிக்கூடத்தில் ஒருவர் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வதாக எண்ணிப் பாருங்கள். சொல்லமாட்டார்கள்.

புலவர் ஐயா வலிவு, மெலிவு, சமன் என்ற பழைய சொற்களை நினைவூட்டியிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த சொற்கள். ஆனால் ஐயாவே அறிவார், அவை மூன்று ஸ்தாயிகளைக் குறிக்கின்றன. சுருதியின் மேல், கீழ், நடு. நமக்கு வேண்டியது உரப்பு. ‘ஏற்ற இறக்கம்’ என்றாலும் ஆரோசை, அமரோசை (ஆரோகணம், அவரோகணம்) நினைவுதான் வரும்.

நான் முன்வைப்பது பரம்பு.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா வயலில் சேற்றுழவு முடிந்ததும் பரம்படிப்பார்கள். நீளப் பலகையை மாட்டில் பூட்டி, கனத்துக்கு ஓர் ஆள் ஏறி நிற்க, வயல் முழுக்க இழுப்பது. மேட்டுச் சேறு வழிந்து பள்ளத்தில் இறங்கும். கடைசியில் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நிற்கும், பிறகுதான் நடவு. கம்ப்ரசர் செய்வதும் விளைவில் இதுவே: உயரம் அமர்கிறது, தாழ்வு மேலே வருகிறது, மட்டம் ஒன்றாகிறது. கருவிக்கு ஒலிப்பரம்பு, செயலுக்குப் பரம்படித்தல். ‘குரலை லேசாகப் பரம்படி’, ‘முரசைப் பரம்படித்தது போதும்’. சொல்லிப் பாருங்கள், வாயில் ஓடுகிறது. குறித்த மட்டத்தை ஒலி தாண்டவே விடாத லிமிட்டருக்கு அதே வயலில் வரம்பு இருக்கிறது, வரம்பி என்று ஆக்கலாம். ‘டைனமிக் ரேஞ்ச்’ உரப்பு இடைவெளி.

சுருக்கம் என்ற சொல்லில் ஏதோ கெட்டது நடக்கிற தொனி இருக்கிறது, பரம்பில் அது இல்லை. இதுவும் எனக்கு முக்கியம். பரம்படிக்காமல் நடவு இல்லை. ராக் பாட்டில் பாடகர் குரல் பத்து வாத்தியங்களுக்கு நடுவே கேட்பதே அளவான பரம்படிப்பால்தான். நான் எதிர்ப்பது அளவு மீறியதை.

> பிடிக்காத பாட்டுக்கு ஒரு கலைச்சொல் கண்டுபிடித்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

கடுமையான வரிதான், ஆனால் பதில் சொல்லவேண்டிய வரி. ஒயேசிஸ் ரசிகர்கள் ஏமாந்தவர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சத்தமான மதுக்கூடத்தில், ஓடும் காரில் அந்தத் தட்டு மற்ற எல்லாவற்றையும் தாண்டி வந்து நின்றது. அது ஒரு வலிமை. பாட்டுகளும் நல்ல பாட்டுகள், சமையலறை எனக்கு அதைக் காட்டியது. ஆனால் இது என் காதின் குறை மட்டும் இல்லை. 2008 செப்டம்பரில் மெட்டாலிக்கா குழுவின், அளவு மீறிப் பரம்படித்த ‘டெத் மேக்னடிக்’ தட்டு வந்தபோது, அந்தக் குழுவின் ரசிகர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு வேறு கலவை கேட்டார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் மூச்சு விடுகிற இடத்தோடு வந்திருந்தன, ஒப்பிட்டுக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் எல்லா நிகழ்ச்சியும் ஒரே சராசரி உரப்பில் போகவேண்டும் என்று ஆர் 128 பரிந்துரையை வெளியிட்டது. இன்றைய இணைய இசைச் சேவைகள் பலவும் உரத்த தட்டைத் தாமே இறக்கித்தான் ஒலிக்கின்றன. கூரையில் முட்டியதன் ஆதாயம் அங்கே போய்விட்டது, இழந்த ஏற்றம் மட்டும் திரும்பவில்லை.

மான்செஸ்டரில் அந்த நண்பர்களிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ‘பாட்டு பிடிக்கிறது, தட்டைப் பரம்படித்துவிட்டார்கள்’ என்ற ஒரு வரி போதும். அன்றைக்கு எந்த மொழியிலும் அது என்னிடம் இல்லை.

ஓர் எச்சரிக்கை: பரம்பில் வருவது இடையின ரகரம். வல்லின றகரம் போட்டால் பாரியின் பறம்பு மலையாகிவிடும், பொருள் நேர் எதிராகப் போகும். பட்டியலில் இதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஒலி கூரையைத் தாண்டும்போது அலையின் தலை தட்டையாக அறுபடுகிறதே, ‘கிளிப்பிங்’, அதற்கு ‘முகடு வெட்டு’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். முகடு பாடநூல் சொல், குறையில்லை. ஆனால் வயலில் இதற்கும் ஒரு சொல் இருக்கும் என்று தோன்றுகிறது. பரம்படித்த பிறகும் அடங்காமல் நிற்கிற மேட்டை மண்வெட்டியால் சீவி எடுப்பார்களே, உங்கள் ஊரில் அதை என்னவென்று சொல்வார்கள்?

அன்புடன்